ஊரும் காலனியும்
(தென்காசியில் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வீடு கட்டுவதும் ஊரைப் பராமரிப்பதும் ஆகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்கு, "இதென்ன, பகுத்தறிவுக் கூட்டமென்று வந்தால் வாறுகாலையும் கக்கூஸையும் பற்றிப் பேசுகிறார்களே" என்று தோன்றக்கூடும். தோன்றுவது இயற்கைதான். ஆனால் ஜாதி எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது சாஸ்திரத்தில் இருக்கிறது என்கிறோம். மனிதனுடைய மனத்தில் இருக்கிறது என்கிறோம். இரண்டும் உண்மைதான். ஆனால் சாஸ்திரத்தைப் படித்தவர்கள் நம் கிராமத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மனமோ கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும்படியாக, கையால் தொடும்படியாக, ஜாதி இருக்குமிடம் ஒன்று உண்டு. அதுதான் வீடு இருக்கும் தெரு. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகூட, "அங்கே போகாதே" என்று தாய் கைநீட்டிக் காட்டும் திசையிலிருந்துதான் ஜாதியைக் கற்றுக்கொள்ளுகிறது. ஆகவே வீட்டைப் பற்றிப் பேசாமல் ஜாதியை ஒழிக்கப் பேசுவது, வேரைத் தொடாமல் இலையைக் கிள்ளுவது போலாகும்.

தோழர்களே! உங்கள் ஊருக்கு முன்பின் தெரியாத ஒரு மனிதன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் யாரையும் ஜாதி கேட்க வேண்டியதில்லை. நான்கு சங்கதிகளைப் பார்த்தாலே போதும். மேடான இடத்தில் இருக்கும் வீடுகள் யாருடையவை? குடிதண்ணீர்த் தொட்டி எந்தத் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறது? வாறுகால் எங்கே ஆரம்பித்து யாருடைய வாசலில் போய்த் தேங்குகிறது? பிணத்தை எடுத்துக்கொண்டு யார் ரோட்டு வழியாகப் போகிறார்கள், யார் வரப்பு வழியாகப் போகிறார்கள்? இந்த நான்கிற்கும் விடை தெரிந்தால் ஊரிலுள்ள ஜாதிகளின் ஜாப்தா அவன் கைக்கு வந்துவிடும். இதைக் கடவுள் செய்தார் என்று சொல்லுவதற்கோ, இயற்கை செய்தது என்று சொல்லுவதற்கோ இடமில்லை. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஜாதி கிடையாது. மனிதன்தான் மேட்டைத் தனக்கு வைத்துக்கொண்டு பள்ளத்தை இன்னொருவனுக்குத் தள்ளினான்.

இந்தத் தென்காசிச் சீமையின் பழைய கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்காசி வெள்ளைக்காரன் ஆண்ட சென்னை மாகாணத்தில் இருந்தது. கூப்பிடு தூரத்திலுள்ள செங்கோட்டை திருவாங்கூர் மகாராஜாவின் ராஜ்யத்தில் இருந்தது. 1956ஆம் வருஷம் நவம்பர் மாதம் 1ந் தேதிதான் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இரண்டு ராஜ்யம், இரண்டு சட்டம், இரண்டு கச்சேரி. ஆனால் இரண்டிலும் சேரி மாத்திரம் ஊருக்கு வெளியேதான். அப்புறம் ராஜா போனார், வெள்ளைக்காரன் போனான், 2019ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசியே தனி ஜில்லாவும் ஆயிற்று. கலெக்டர் ஆபீஸ் நமக்குப் பக்கத்தில் வந்தது சௌகரியம்தான். ஆனால் கலெக்டர் ஆபீஸ் நகர்ந்த வேகத்தில் சேரி நகர்ந்ததா என்று கேட்கிறோம்.

வீட்டு மனை என்பது வெறும் மண் அல்ல. அது மனிதனைக் கட்டிப்போடும் கயிறும் ஆகும். எப்படியெனில், 1891ஆம் வருஷத்தில் செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றிச் சர்க்காருக்கு எழுதினார். அவர் கண்ட முக்கியமான சங்கதி, சேரியிலிருக்கும் குடிசை நின்ற மண்கூட மிராசுதாரன் வசம் இருந்தது என்பதுதான். கூலி போதாது என்று வாய் திறந்தால் குடிசையைக் காலி செய் என்பான். அப்புறம் பெண்டு பிள்ளைகளோடு எங்கே போவது? ஆகவே வாயை மூடிக்கொண்டு கிடந்தார்கள். 1892இல் சர்க்கார் உத்தரவு போட்டு, தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று நிலம் ஒதுக்க முற்பட்டது. அதைத்தான் இன்றும் பஞ்சமி நிலம் என்கிறோம். அந்த நிலமும் பல இடங்களில் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது வேறு கதை.

1924ஆம் வருஷத்தில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொது ரோடு, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் இவைகளில் எந்த வகுப்பாரையும் தடுக்கக்கூடாது என்பது அதன் கருத்து. அதாவது நூறு வருஷத்துக்கு முன்னமேயே ரோடும் தண்ணீரும் எல்லோருக்கும் பொது என்று ஆகிவிட்டது. ஆனால் வீடு? அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1968ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 25ந் தேதி, தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் அதிகம். அதன்பிறகு 1971இல், விவசாயத் தொழிலாளரும் கைத்தொழிலாளரும் தாங்கள் குடியிருக்கும் மனைக்குத் தாங்களே சொந்தக்காரர் என்று சட்டம் வந்தது. நெருப்பு எரிந்த பிற்பாடுதான் குடியிருந்த மண் சொந்தமாயிற்று. இந்தக் கணக்கை நாம் மறக்கக்கூடாது.

நிற்க, சர்க்கார் வீட்டுத் திட்டங்களைப் பார்ப்போம். மத்திய சர்க்கார் 1985இல் இந்திரா பேரால் ஒரு திட்டம் வைத்தது. 2016இல் அது பிரதமர் பேரால் மாறிற்று. தமிழ்நாட்டு சர்க்கார் 2010இல் குடிசைகளைக் காங்கிரீட் வீடாக மாற்றுவதற்குக் கலைஞர் பேரால் ஒன்று, 2011இல் பசுமை வீடு என்று ஒன்று, 2024இல் கனவு இல்லம் என்று ஒன்று ஆக வரிசையாக வைத்தது. கனவு இல்லத்தில் ஒரு வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி காங்கிரீட் கூரை. ஒரு வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். 2030ஆம் வருஷத்துக்குள் 8 லட்சம் வீடு என்று அறிவித்தார்கள். இந்தக் கணக்குப்படி 28,000 கோடி ரூபாய் ஆகிறது. இதை நாம் குறை சொல்லுவதற்கில்லை. மழைக்கு ஒழுகி, கோடைக்கு எரியும் ஓலைக்குடிசையில் மனிதன் இருப்பது மனிதத் தன்மைக்கே கேவலம். எந்தக் கட்சி கட்டிக்கொடுத்தாலும், யார் பேரை வைத்தாலும், கூரை கூரைதான்.

ஆனால் இரண்டு கேள்வி இருக்கிறது. முதலாவது கேள்வி, யாருக்கு வீடு? சொந்த மனையும் பட்டாவும் இருக்கிறவனுக்குத்தான் இந்தப் பணம் வரும். புறம்போக்கிலும், குளக்கரையிலும், ரோட்டோரத்திலும் குடிசை போட்டிருக்கிறவனுக்குப் பட்டா ஏது? ஆகவே எவன் மிகவும் ஏழையோ அவன் முதல் படியிலேயே நின்றுவிடுகிறான். பிரதமர் பேரிலான திட்டத்துக்கு ஆதாரமாக 2011ஆம் வருஷத்தில் எடுத்த கணக்கை வைத்தார்கள். அந்தக் கணக்கில் பேர் விட்டுப்போனவன் பக்கத்து வீட்டுக்குக் காங்கிரீட் போடும்போது கலவை சுமக்கப் போனான். தனக்கு அப்போது வீடு கேட்க முடியவில்லை. வீடு கட்டுவதற்கு முன்னால் பட்டா வழங்குவதுதான் முதல் வேலையாக இருக்கவேண்டும் என்பது இதிலிருந்து தெரியவில்லையா?

இரண்டாவது கேள்வி இதைவிடப் பெரியது. எங்கே வீடு? ஊரிலிருப்பவனுக்கு ஊரிலேயே மனை, சேரியிலிருப்பவனுக்குச் சேரியிலேயே மனை என்று கொடுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? நேற்று ஓலையால் ஆகியிருந்த சேரி இன்று காங்கிரீட்டால் ஆகும். ஓலையையாவது ஒரு நாள் பிரித்துப் போட்டு வேறு இடம் போகலாம். காங்கிரீட்டைப் பிரிக்க முடியுமா? அறுபது வருஷம் எழுபது வருஷம் நிற்கும். அதாவது சர்க்கார் பணத்தாலேயே ஜாதிக்கு அஸ்திவாரம் போட்டு, தளமும் போட்டுக் கொடுத்ததாக ஆகாதா? "காலனி" என்ற சொல் அவமானச் சொல்லாகிவிட்டதென்று அதை அரசாங்கத் தஸ்தாவேஜுகளிலிருந்து எடுத்துவிடுவதாக 2025ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல காரியம். பெயர்ப்பலகையைக் கழற்றியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். பலகை நின்ற இடத்துக்கும் ஊருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை யார் கழற்றுவது?

"அது முடியாத காரியம்" என்று சிலர் சொல்லுவார்கள். முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. தென் ஜில்லாக்களில் ஜாதிக் கலகம் தலைவிரித்தாடிய காலத்தில், 1997இல், பெரியார் நினைவு சமத்துவபுரம் என்று ஒரு திட்டத்தை அன்றைய முதலமைச்சர் கருணாநிதி அறிவித்தார். முதல் சமத்துவபுரம் 1998ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 17ந் தேதி மதுரை ஜில்லா திருமங்கலத்துக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. ஒரு சமத்துவபுரத்துக்கு 100 வீடு. தாழ்த்தப்பட்டோருக்கு 40, பிற்பட்டோருக்கு 25, மிகவும் பிற்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. ஒரு ஜாதியார் வீடெல்லாம் ஒரு பக்கமாக அமையாமல் கலந்து வரும்படி ஏற்பாடு. எல்லோருக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே பள்ளிக்கூடம், ஒரே சுடுகாடு. எந்த மதத்தின் கோயிலுக்கும் இடம் வைக்கவில்லை. நாடு பூராவும் இப்படி 200க்கு மேல் ஏற்பட்டன. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை, பூமி பிளந்துவிடவில்லை. அடுத்த வீட்டில் அரைத்த குழம்பு வாசனை இந்த வீட்டுக்கு வந்ததனால் எவனுக்கும் வயிற்றுவலி வரவுமில்லை.

ஆனால் அதிலும் இரண்டு குறைகளைச் சொல்லவேண்டியது நமது கடமை. ஒன்று, சமத்துவபுரம் ஊருக்கு வெளியே தனியாக ஏற்பட்டது. பழைய ஊர் பழைய ஊராகவும், பழைய சேரி பழைய சேரியாகவும் அப்படியே இருக்க, மூன்றாவதாக ஒரு சமத்துவபுரம் உண்டாயிற்று. அது மாதிரிக்கு வைத்த பண்ணையே தவிர, மாதிரியைப் பார்த்து ஊர் மாறவேண்டும் என்ற வேலை நடக்கவில்லை. இரண்டாவது, கட்டிய பிறகு கவனிக்காமல் விட்டது. ஆட்சி மாறினவுடன் பல சமத்துவபுரங்களில் ரோடும் தண்ணீர்க் குழாயும் சமுதாயக் கூடமும் சீரழிந்தன. 2021க்குப் பிறகு நிதி ஒதுக்கிப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. திறப்புவிழாவுக்கு வரும் கூட்டம் பழுதுபார்ப்புக்கு வருவதில்லை. கட்டுவது ஒரு நாள் பெருமை. காப்பது தினசரி வேலை. பெருமைக்குத்தான் நம் நாட்டில் ஆள் அதிகம்.

"அவரவர்கள் அவரவர் ஜனங்களோடு இருப்பதுதானே இயற்கை, இதைச் சட்டம் போட்டு மாற்றலாமா?" என்று ஒரு ஆட்சேபணை வரும். இதற்கு வெகு தூரம் போய்ப் பதில் தேடவேண்டாம். இங்கிருந்து மூன்று மைலில் இருக்கும் குற்றாலத்துக்கே போங்கள். ஆடி மாதச் சாரலில் பெரிய அருவியின் கீழ் ஆயிரக்கணக்கான பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் தலையில் விழுந்த தண்ணீர் அடுத்தவன் தோளில் தெறித்து, அவன் முதுகில் வழிந்து, இன்னொருவன் காலில் ஓடுகிறது. எவனாவது, "ஓய், நீர் என்ன ஜாதி? தள்ளி நில்லும்" என்று கேட்கிறானா? கேட்டால் அடுத்த நிமிஷம் அவன் அருவியை விட்டு வெளியே இருப்பான். அப்படிக் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறான். பஸ்ஸிலும் அடுத்த சீட்டுக்காரன் ஜாதி கேட்பதில்லை. ஊரில் இறங்கினவுடன் மாத்திரம் அவனுக்கு ஒரு தெரு, இவனுக்கு ஒரு குழாய் என்று ஆகிவிடுகிறது. இயற்கை என்றால் அது அருவியிலும் இருக்கவேண்டும், பஸ்ஸிலும் இருக்கவேண்டும். அங்கெல்லாம் இல்லாதது ஊரில் மாத்திரம் இருப்பதால், அது இயற்கையல்ல, கட்டுப்பாடு என்பது விளங்கவில்லையா?

அந்தக் கட்டுப்பாட்டின் யோக்கியதையை நம் ஜில்லாவே 2022ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் உலகத்துக்குக் காட்டிற்று. சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காசைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்கடையில் தின்பண்டம் கேட்கிறார்கள். "உங்கள் தெருவுக்குக் கொடுக்கக்கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு" என்று கடைக்காரர் சொல்லுகிறார். அதை நாடே பார்த்தது. பிறகு போலீஸ் வந்தது, வழக்கு வந்தது, கடைக்குச் சீல் வந்தது. ஆனால் நாம் கேட்பது, அந்தப் பிள்ளைகளின் வீடும் கடைக்காரர் வீடும் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருந்திருந்தால், அவர் பிள்ளையும் அந்தப் பிள்ளைகளும் ஒரே திண்ணையில் விளையாடியிருந்தால், இந்தக் கட்டுப்பாடு செல்லுபடியாகியிருக்குமா? தெரு தனியாயிருப்பதால்தான் தெருவையே தண்டிக்க முடிகிறது.

அடுத்தபடியாக ஊர்ப் பராமரிப்பைப் பற்றிச் சொல்லுகிறோம். நம் பக்கத்துக் கிராமங்களில் கோயில் கொடை வந்தால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறார்கள். கூலிக்காரன்கூடக் கடன் வாங்கிக் கொடுத்துவிடுகிறான். கொடை முடிந்து கணக்கு வாசிக்கும்போது, வாழைக்குலைக்கு எவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு, வாணத்துக்கு எவ்வளவு என்று பைசா பாக்கியில்லாமல் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதே ஆள் பஞ்சாயத்துக் கணக்கு வாசிக்கும்போது எங்கே போனார்? 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய நிதிக் கமிஷன் பஞ்சாயத்துகளுக்கென்று கொடுத்த மானியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிடவேண்டும் என்று நிபந்தனை. அதாவது உங்கள் வாசலில் நாறும் வாறுகாலுக்குப் பணம் வந்தது. வந்த பணம் எந்தத் தெருவில் இறங்கிற்று என்று கேட்டவர் எத்தனை பேர்?

இதற்குக் காரணம் என்னவென்று யோசித்துப் பார்த்தால், கொடை வரி ஜாதிக்கு ஜாதி வசூலாகிறது. ஆகவே அது "நம்முடைய பணம்" என்று தோன்றுகிறது. பஞ்சாயத்து எல்லோருக்கும் பொது. ஆகவே அது யாருக்கும் சொந்தமில்லை என்று தோன்றுகிறது. ஜாதி இருக்கும் வரையில் "நம்மூர்" என்ற எண்ணமே உண்டாகாது. நம் தெரு, உன் தெரு என்றுதான் இருக்கும். ஆனால் வாறுகால் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. கீழத்தெருவில் தேங்கின தண்ணீரில் பிறந்த கொசு மேலத்தெருவுக்கும் வருகிறது. அது யாரைக் கடிப்பதற்கும் ஜாதகம் பார்ப்பதில்லை. டெங்கு ஜுரம் வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த பிறகு எல்லா ஜாதியும் ஒரே வரிசைதான்.

வாறுகாலைச் சுத்தம் செய்கிறவர் யார் என்பதையும் பாருங்கள். ஊர் பூராவும் அழுக்குப் பண்ணுவது எல்லா ஜாதியும். அள்ளுவது மாத்திரம் ஒரு ஜாதி. மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளக்கூடாது என்று 2013இல் சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குப் பிறகும் குழிக்குள் இறங்கி விஷக் காற்றில் செத்துப்போகிற தோழர்களின் பெயரைப் பத்திரிகையில் பார்க்கிறோம். அவர்களுக்குச் சரியான சம்பளமும், கையுறையும், யந்திரமும் கொடுக்காத பஞ்சாயத்து, சுகாதாரப் பஞ்சாயத்து என்று எத்தனை கேடயம் வாங்கினாலும் அது தகரந்தான். 2022ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தியைக் கேட்டு நாடே திடுக்கிட்டது. திடுக்கிட்டால் மட்டும் போதுமா? ஊர் பூராவுக்கும் ஒரே தொட்டி, ஒரே குழாய் என்றிருந்தால் எவனுக்காவது அந்த எண்ணம் தோன்றுமா? தன் வீட்டுக் குழம்பில் எவனும் மண்ணைப் போடமாட்டான்.

இனி இந்தக் குற்றாலத்துப் பிராந்தியத்துக்கே உரிய ஒரு விபத்தைச் சொல்லவேண்டும். மேற்கே மலை, மலையிலிருந்து சிற்றாறு. கடனா, ராமாநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று ஐந்து அணை. அணைக்குக் கீழே வரிசையாகக் குளங்கள். ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும் ஏற்பாடு. நம் முன்னோர்கள் செய்த காரியங்களில் மெச்சத்தக்கது இது ஒன்று. இன்று என்ன நடக்கிறது? சாரலைக் காட்டி விலை பேசி, நஞ்சை வயலில் கல் நட்டு, வர்ணம் பூசி, மனை என்று விற்கிறார்கள். மறுகால் ஓடை மேல் ரோடு போடுகிறார்கள். அருவித் தண்ணீரைத் தனியார் விடுதிக்குள் திருப்பிச் செயற்கை அருவி என்று காசு பார்த்ததை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. 2023ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் தென் ஜில்லாக்களில் பெய்த மழையை மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. வெள்ளம் தன் பழைய பாதையைத் தேடி வந்தது. பாதையில் யார் வீடு இருந்ததோ அவர் வீட்டுக்குள் வந்தது. அந்தத் தாழ்ந்த இடத்தில் அதிகமாகக் குடியிருப்பவர் யாரென்று நாம் சொல்லவேண்டியதில்லை. சர்க்கார் இனாமாக மனை கொடுக்கும்போதும், விலை போகாத பள்ளத்தையும் குளத்து ஓரத்தையும் தேடிப் பிடித்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. "இனாம்தானே" என்று வாங்கிக்கொள்ளாதீர்கள். முழங்கால் தண்ணீரில் நிற்கும் பட்டா பட்டா அல்ல.

கைக்காசு போட்டு மனை வாங்கும் நடுத்தரக் குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2017இல் பழைய மனைகளை வரன்முறை செய்ய விதி வந்தது. "பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து இருக்கிறது" என்று ஒருவன் சொன்னால் அதை மாத்திரம் நம்பாதீர்கள். நகர் ஊரமைப்பு இலாகாவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல், தெற்கு வடக்கு சரியாயிருக்கிறதா, ஈசானி மூலை வளர்ந்திருக்கிறதா என்று வாஸ்துக்காரனை அழைத்துக்கொண்டு போகிறார்கள். வாஸ்துக்காரனுக்குக் கொடுக்கும் பணத்தில் வில்லங்கச் சான்றும் வரைபட நகலும் வாங்கிவிடலாமே!

வாஸ்து என்றவுடன் இன்னொன்று. மொத்தம் 360 சதுர அடியில் சர்க்கார் கொடுக்கும் வீட்டுக்கும் மூலை பார்க்கிறார்கள். சமையல் இந்த மூலையில்தான், வாசல் அந்தத் திசையில்தான் என்று ஜன்னலை அடைத்துக் காற்றில்லாமல் செய்கிறார்கள். புகையில் இருமுவது யார்? நம் வீட்டுப் பெண்கள். அக்கினி மூலை அடுப்பை எரிக்காது. விறகும் காற்றும்தான் எரிக்கும். அப்புறம் நல்ல நாள், கணபதி ஹோமம், பால் காய்ச்சுவது, ஊருக்கு விருந்து என்று ஆயிரக்கணக்கில் கடன். சர்க்கார் பணம் வீட்டுக்கே போதாமல் வட்டிக்கு வாங்கினவன், இந்தச் சடங்குக்கும் வட்டிக்கு வாங்கினால், வீட்டுக்குள் முதலில் குடியேறுவது கடன்காரன்தான். கக்கூஸ் கட்டப் பணம் போதவில்லை என்று சொல்லுகிற வீட்டில் ஹோமப் புகை மாத்திரம் எப்படி வருகிறது?

சரி, செய்யவேண்டியது என்ன? யாரோ ஒரு மகான் வந்து செய்வார் என்று காத்திருக்க வேண்டாம். கிராம சபை என்று ஒன்று 1994ஆம் வருஷத்தியப் பஞ்சாயத்துச் சட்டத்தில் இருக்கிறது. ஓட்டுள்ள ஆண் பெண் எல்லோரும் அதில் அங்கத்தினர். ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் அது கூடும்படி தமிழ்நாட்டில் ஏற்பாடு செய்யப்பட்டது. ஐந்நூறு பேருக்கு மேல் மூவாயிரம் பேர் வரை உள்ள ஊருக்கு 100 பேரும், பதினாயிரம் பேர் வரை உள்ள ஊருக்கு 200 பேரும் வந்தால் கோரம். அந்த நூறு பேர்கூட வராமல், நோட்டுப் புஸ்தகத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக் கூட்டம் நடந்ததாக எழுதிக்கொள்ளும் ஊர்கள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததா? உங்கள் கையெழுத்தை இனாமாகக் கொடுத்துவிட்டு உங்கள் தெருவுக்கு விளக்கு வரவில்லை என்று டீக்கடையில் பேசி என்ன பிரயோஜனம்?

இந்த உரிமை சும்மா வந்ததல்ல. தாழ்த்தப்பட்ட ஒருவர் பஞ்சாயத்துத் தலைவரானார் என்பதற்காகவே 1997ஆம் வருஷம் ஜூன் மாதம் 30ந் தேதி மதுரை ஜில்லா மேலவளவில் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்து வருஷம் போல ஒழுங்கான தேர்தலே நடக்க முடியாமல், 2006இல்தான் நடந்தது. அந்த நாற்காலிக்கு அவ்வளவு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. நம் தென்காசி ஜில்லாவில் 2021ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தபோது ஸ்தானங்களில் சரிபாதி பெண்களுக்கு இருந்தது. ஆனால் தலைவரம்மாள் வீட்டில் இருக்க, தலைவரின் புருஷன் நாற்காலியில் இருக்கும் வேடிக்கையையும் பார்க்கிறோம். ஓட்டுப் போட்டது அம்மாளுக்கா, ஐயாவுக்கா என்று கேளுங்கள்.

கிராம சபையில் நீங்கள் கேட்கவேண்டியது ஐந்து. முதலாவது, பட்டா இல்லாதவர் பட்டியலை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பட்டா வழங்கத் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, இனிமேல் கொடுக்கும் மனைகள் ஊருக்குள்ளே, மேடான இடத்தில், எல்லா வகுப்பாருக்கும் கலந்து, குலுக்கல் மூலம் கொடுக்கப்படவேண்டும் என்று கேளுங்கள். மூன்றாவது, பட்டாவும் வீடும் பெண்கள் பேரில் இருக்கட்டும். குடித்துவிட்டு ஒருவன் அடித்துத் துரத்தும்போது வெளியே போகவேண்டியவர் யாரென்பதை அந்தப் பத்திரம் சொல்லும். நான்காவது, வாறுகால் வேலையைக் கடைசித் தெருவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் போய்ச் சேரும் இடத்தைச் சரிசெய்யாமல் மேலத்தெருவில் மாத்திரம் சிமெண்டு பூசினால், அழுக்கைக் கீழே வேகமாக அனுப்புவதற்கு வழி செய்தது என்றுதான் அர்த்தம். ஐந்தாவது, ஊருக்கு ஒரே சுடுகாடு, அதற்கு எல்லோரும் போகிற ஒரே ரோடு. உயிரோடு இருக்கும்போது சேர்ந்து வாழ வெட்கப்படுகிறவர்கள் செத்த பிறகாவது சேர்ந்து எரியட்டும்.

இந்த ஐந்தையும் ஒரே நாளில் நிறைவேற்றிவிட முடியுமென்று நாம் சொல்லவில்லை. எதிர்ப்பு வரும். "ஊர் ஒற்றுமை கெடுகிறது" என்பார்கள். ஒருவனை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே இருப்பவர்கள் சேர்ந்திருப்பதற்கு ஒற்றுமை என்று பேரா? கதவைச் சாத்திக்கொள்ளுவதற்கு ஒற்றுமை என்று பேர் வைத்தால் ஜெயிலைவிட ஒற்றுமையான இடம் இல்லை.

தோழர்களே! நம் மலையை உடைத்த கல்லும் ஜல்லியும் ராவும் பகலும் லாரி லாரியாகப் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போவதைப் பார்க்கிறீர்கள். அந்தக் கல் போகிற ஊரில் அது எந்த ஜாதிக்காரன் வீட்டு அஸ்திவாரத்தில் போய்ச் சேருமென்று அதற்குத் தெரியாது. கல்லுக்கு இருக்கிற அந்தப் பொதுத்தன்மைகூட மனிதனுக்கு இல்லாமற் போனால் அவனைப் பகுத்தறிவு உள்ளவன் என்று எப்படிச் சொல்லுவது? அடுத்த கிராம சபைக்கு ஒவ்வொருவரும் போங்கள். போகும்போது உங்கள் வீட்டுப் பெண்களையும், அடுத்த தெருக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த தெருக்காரரைக் கூப்பிட அவர் வாசல்வரை நீங்கள் நடந்து போகவேண்டியிருக்கும். அந்த நடைதான் நாம் இன்று சொன்ன வேலைக்கு ஆரம்பம் என்று சொல்லி எமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.